மலையில் ஒரு ராத்திரி: முதல் தடவை போகிறவர்களுக்கு

தேனியில் மருந்துக்கடை நடத்துகிறேன். பொங்கல் முடிந்து வருகிற சனி, ஞாயிறு மட்டும் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். நான் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நான்கு தோழிகளோடு மலைக்குப் போய்விடுவேன். ஒரு நாள் நடை, ஒரு ராத்திரி கூடாரம், மறுநாள் சாயங்காலம் வீடு. கொரோனா காலத்தைத் தவிர 2015லிருந்து இது விட்டுப்போனதில்லை. எங்கள் ஐந்து பேரில் யாரும் மலையேற்ற வீராங்கனை இல்லை. ஒருத்தி பள்ளி ஆசிரியை, ஒருத்தி கூட்டுறவு வங்கியில் வேலை, ஒருத்தி பெரியகுளத்தில் மாந்தோப்பு பார்க்கிறாள், ஒருத்தி சென்னையிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வருகிறாள்.

கடைக்கு வருகிறவர்கள் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, நாங்களும் போகணும், என்னென்ன வாங்கணும்?" என்றுதான் கேட்பார்கள். நான் வேறொன்று கேட்பேன்: "எங்க போறீங்க, யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

அதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ. கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அன்று ராத்திரி எங்கள் கடை வாசல் வழியாக ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்று பார்த்தேன். இறந்தவர்களில் பலர் எங்களைப் போலத்தான், வார விடுமுறைக்கு மலை பார்க்க வந்தவர்கள். அதனால் எங்கே, எப்போது, யார் அனுமதியில் என்பதைப் பேசி முடிக்காமல் நான் பையைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கே போவது

தமிழ்நாட்டில் மலைக்காடுகள் பெரும்பாலும் காப்புக்காடுகள். நினைத்த இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். வனத்துறை 2024ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. எங்கள் பக்கம் குரங்கணி – சாம்பலாறு அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போய் வரலாம். பகலில் அப்படி ஒரு பாதையில் நடந்துவிட்டு, ராத்திரி அடிவாரத்தில் தங்குவது முதல் தடவைக்கு நல்ல ஏற்பாடு.

மலைமேலேயே கூடாரத்தில் தூங்க வேண்டும் என்றால் நான் சொல்வது மீசைப்புலிமலை. கேரளத்தில் மூணாறுக்கு அருகில் இருக்கிறது. உயரம் 2,640 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) அடுத்தது இதுதான் என்பார்கள். உயரத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தேயிலைத் தோட்டங்கள் வழியாக ஜீப்பே வெகுதூரம் ஏற்றிவிடும். கேரள வன வளர்ச்சிக் கழகம் முகாம் நடத்துகிறது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, கூடாரம் போட்டே இருக்கும், சாப்பாடு உண்டு, மறுநாள் காலை வழிகாட்டி கூட்டிப்போவார். கயிறு பிடித்து ஏறுகிற இடம் எதுவும் இல்லை. புல்மேடு, இறக்கம், மறுபடி புல்மேடு என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, முதல் தடவைக்காகக் கூடாரம் விலைக்கு வாங்காதீர்கள். தரையில் படுத்தால் தூக்கம் வருமா என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. முகாமில் கொடுப்பதில் ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்கள். பிடித்தால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

எப்போது போவது

டிசம்பர் கடைசியும் ஜனவரியும். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும், அட்டையும் கால் முழுக்க ஏறும். அக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் மழை. பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்து சருகாகிவிடும், ஏப்ரல் வரை தீ பயம். அந்த மாதங்களில் பாதைகளை மூடிவிட்டால் சண்டை போடாதீர்கள், குறுக்கு வழியும் தேடாதீர்கள். போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்து நம் இடுப்புக்கு மேல் நிற்கும். அதில் காற்றோடு வருகிற தீயை முந்தி மேட்டில் யாராலும் ஓட முடியாது.

தினசரி காலண்டரில் பிறையும் பாருங்கள். பௌர்ணமி அழகுதான், ஆனால் எனக்குத் தேய்பிறை பிடிக்கும். ஜனவரியில் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குக் கார்த்திகைக் கூட்டமும் மிருகசீரிடமும் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். தேனியில் தெருவிளக்குக்கு நடுவே ஏழெட்டு நட்சத்திரம் எண்ணிப் பழகியவளுக்கு அங்கே அண்ணாந்து பார்த்தால் பேச்சு வராது.

ஒரு மாதத்துக்கு முன்னால்

உடற்பயிற்சிக் கூடமெல்லாம் வேண்டாம். வாரம் இரண்டு நாள் படி ஏறுங்கள். நாங்கள் கைலாசபட்டி கைலாசநாதர் மலைக்கோயிலுக்கு ஏறி இறங்குவோம். முக்கியம், மலைக்குப் போடப்போகிற ஷூவைப் போட்டுக்கொண்டு, பையில் நான்கு கிலோ வைத்துக்கொண்டு ஏறுங்கள். புது ஷூவை முதன்முதலாக மலையில் போடக் கூடாது. முதல் வருடம் நான் அப்படித்தான் போனேன். நகமும் வெட்டவில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் ஷூவின் முன்பக்கத்தில் போய் இடித்தது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் இரண்டு நகமும் கறுத்திருந்தன. இரண்டும் விழுந்து முளைக்க மாதக்கணக்கானது. இப்போது எல்லோருக்கும் நானே முந்தின நாள் போன் பண்ணுவேன், "நகம் வெட்டிட்டியாடி?" என்று.

கால் அளவை விட அரை அளவு பெரிய ஷூவாக, சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும், மலையில் இருக்கிற பாதமும் அதுதான். அடிப்பகுதியில் பள்ளம் பள்ளமாக வெட்டு இருக்க வேண்டும். வழுவழுப்பாகத் தேய்ந்த ஷூ பனி ஈரப் புல்லில் வாழைப்பழத் தோல் மாதிரி.

பையில் என்ன

ஒரு ராத்திரிக்கு ஐந்து, ஆறு கிலோவுக்கு மேல் பை போகக் கூடாது, தண்ணீரும் சேர்த்து. வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கறுப்புக் குப்பைப் பை ஒன்றைப் பைக்கு உள்ளே விரித்து, அதற்குள் துணிகளை வைத்துச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பைக்கு மேலே போடுகிற உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், விடிகிற வரை காயாது. பருத்தி பனியனும் அப்படித்தான். விளையாட்டுக்காரர்கள் போடுகிற மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட், டிராக் பேன்ட், அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. மழைக்கோட்டைப் பையின் அடியில் வைக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உடையும் ஒரு ஜோடி கனமான சாக்ஸும் தனியாகக் கட்டி வையுங்கள். எவ்வளவு குளிரினாலும் நடக்கும்போது அந்த மூட்டையைப் பிரிக்கக் கூடாது. காது மூடுகிற குல்லாய், நெற்றியில் கட்டுகிற டார்ச், மாற்று பேட்டரி. செல்போன் வெளிச்சத்தை நம்பினால் கழிப்பறைக்குப் போகிற நேரத்தில் ஒரு கை இல்லாமல் போய்விடும்.

குளிரை ஊகிக்க ஒரு கணக்கு சொல்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். தேனி சுமார் 300 மீட்டரில் இருக்கிறது. இங்கே விடியற்காலை 18 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் ஏழுதான், காற்றடித்தால் இன்னும் கீழே. மூணாறு சைலன்ட் வேலி எஸ்டேட் பக்கம் ஜனவரியில் புல்மேல் உறைபனி படிவது வழக்கம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நாளோடு மோதினால் பயணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. மாத்திரை போட்டுத் தள்ளிவைக்கலாமா என்று கடையில் கேட்பார்கள். ஒரு ராத்திரிக்காக, டாக்டரைக் கேட்காமல் அதை நான் கொடுக்க மாட்டேன். நாப்கின், பழைய செய்தித்தாள், ஜிப் வைத்த இரண்டு உறைகள் போதும். பயன்படுத்தியதைச் சுற்றி உறையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டும்.

மருந்துப் பை

இது என் வேலை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். ஆளுக்கு இரண்டு பொட்டலம். பெரிய பொட்டலம் 20.5 கிராம், அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தாகத்தைக் கூட்டும், வயிற்றையும் கலக்கும். காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால். மூட்டு வலிக்கு என்று வேறு வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காமல் நடக்கிற நாளில் போடாதீர்கள், சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஒட்டுகிற பிளாஸ்திரி சுருள், பஞ்சு, கிருமிநாசினி, கட்டுத்துணி, சுளுக்குக்குச் சுற்றுகிற கிரேப் பேண்டேஜ்.

குதிகாலில் சூடாகத் தேய்கிற மாதிரி தோன்றிய உடனே நில்லுங்கள். "மேல போய்ப் பாத்துக்கலாம்" என்பதுதான் கொப்புளம். ஷூவைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, சிவந்த இடத்தில் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. கொப்புளமே வந்துவிட்டால் குத்தாதீர்கள். நடுவில் ஓட்டை வெட்டிய பஞ்சு வளையத்தைச் சுற்றி வைத்து ஒட்டுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் ராத்திரி அதைத் தூங்கும் பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. சர்க்கரை அளக்கிற கருவியும் கடுங்குளிரில் தப்பாகக் காட்டும், கையில் பிடித்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

தேனியிலிருந்து மூணாறு போகிற போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. வாந்தி வருகிறவர்கள் அதற்கான மாத்திரையை போடியிலேயே போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்காருங்கள். வெறும் வயிறும் ஆகாது, நான்கு பரோட்டாவும் ஆகாது.

நடை

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ஓர் அண்ணன் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். முதல் மேட்டிலேயே வங்கிக்காரி வேகமாக முன்னால் போனாள். அவர் கூப்பிட்டு, "பேசிக்கிட்டே நடங்கம்மா. பேச முடியலன்னா வேகம் சாஸ்தின்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் அளவுகோல் அதுதான். வழிகாட்டிக்கு அடுத்து, எங்களில் மெதுவாக நடப்பவள். கடைசியில், தெம்பு அதிகம் உள்ளவள். மெதுவானவள் கடைசியில் வந்தால் அவளுக்கு ஓய்வே கிடைக்காது. மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, அவள் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவளோ மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடி நடப்பாள். முன்னால் விட்டால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நிற்போம், ஒரே நேரத்தில் நடப்போம்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை விடாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு வாய் குடியுங்கள். குளிரில் வேர்ப்பது தெரியாது. கடலை மிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலையை இடுப்புப் பையில் வையுங்கள். மதியத்துக்குப் புளிச்சோறு. பெரியகுளத்துக்காரி நல்லெண்ணெய் தாராளமாக விட்டு முந்தின ராத்திரியே கிளறி, ஆற வைத்து, வாழையிலையில் கட்டிக்கொண்டு வருவாள். குளிரில் ஆறினாலும் தொண்டையில் இறங்கும், அதுதான் அதன் சிறப்பு. தயிர்ச்சோறு அந்தக் குளிருக்கு ஒத்துவராது.

இறங்கும்போது முட்டியை விறைப்பாக வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, குறுக்கும் நெடுக்கும் இறங்குங்கள். ஒரு மூங்கில் கழி இருந்தால் கொஞ்சம் பாரம் கைக்குப் போய்விடும். வழியில் வரையாடு கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். அதுவாக நகரும், கிட்டே போகாதீர்கள்.

டீச்சருக்கு நடந்தது

மூன்றாவது வருடம் வேறொரு மலையில், ஒரு தனியார் தோட்டத்தில் தங்கினோம். நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிச் சாரலாக மாறியது. டீச்சர் ஜீன்ஸ் போட்டிருந்தாள். மழைக்கோட்டு பையின் அடியில். "பத்து நிமிஷந்தானே, போயிரலாம்" என்று நடந்தாள். அது முக்கால் மணி நேரம் ஆனது. கூடாரத்துக்கு வந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடி, சும்மா இரு" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஷூ லேசை அவிழ்க்கத் தெரியவில்லை. விரல்கள் முடிச்சைத் தொட்டு வழுக்கி, மறுபடி தொட்டு வழுக்கின. நகக்கண்கள் வெளிறி நீலமாயிருந்தன. "ஒண்ணுமில்ல" என்பதே குழறியது.

உடம்புச் சூடு இறங்குகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். கூடாரத்துக்குள் இழுத்துப்போய் ஈரத்துணி அத்தனையும் கழற்றினோம். வெட்கத்துக்கு அங்கே இடமில்லை. உலர்ந்த மூட்டையிலிருந்த உடை, குல்லாய், இரண்டு சாக்ஸ். அடியில் இரண்டு பாய், மேலே தூங்கும் பை, இரண்டு பக்கமும் நானும் சென்னைக்காரியும் ஒட்டிப் படுத்தோம். வங்கிக்காரி சர்க்கரை நிறையப் போட்டுப் பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வாய் வாயாகக் கொடுத்தாள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகுதான் நடுக்கம் அடங்கி, "பசிக்குது" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் கை கால்களைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். நெருப்புக்குப் பக்கத்தில் நேராக உட்கார வைக்காதீர்கள். பிராந்தி சூடு தரும் என்பது பொய், அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். நடுக்கம் நின்றும் பேச்சு தெளியவில்லை, தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் அது ஆபத்து, உடனே ஆள் கூப்பிட்டுக் கீழே இறக்கப் பாருங்கள்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு வழக்கம். முதல் சாரல் விழுந்ததும் எல்லோரும் நின்று மழைக்கோட்டு போட்டுக்கொள்வோம். கூடாரத்துக்கு நாலு மணிக்குள் வந்துவிடுவோம். வெளிச்சம் இருக்கும்போதே உடை மாற்றிவிடுவோம்.

ராத்திரி

பலரும் போர்வைக்குப் போர்வை சேர்க்கிறார்கள், கீழே விரிப்பதை மறந்துவிடுகிறார்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். யோகாவுக்கு விரிக்கிற ஃபோம் பாய் ஒன்று, மேலே போடுகிற இரண்டு கம்பளிக்குச் சமம். தூங்கும் பைக்குள் தலையை முழுக்க மூடாதீர்கள், மூச்சு ஈரம் உள்ளேயே படிந்து விடியற்காலையில் நடுங்குவீர்கள். அதே காரணத்துக்காகக் கூடாரத்தின் காற்றுத் திறப்புகளையும் மூடக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு பாட்டிலில், இரட்டைச் சுவர் இல்லாத சாதா பாட்டிலாக, வெந்நீர் ஊற்றி மூடியை இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்துக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் சூடானால் தூக்கம் வந்துவிடும்.

கூடாரத்துக்குள் அடுப்போ கரிச்சட்டியோ ஒரு நிமிடம்கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள், எலி கூடாரத்தைக் கடித்துத் திறக்கும். ஒன்பது மணிக்கு மேல் பாட்டுப் பெட்டியும் வேண்டாம். நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுக் கூடார வாசலில் தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருப்போம். சோலைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று இருமுகிற மாதிரி சத்தம் போடும். சென்னைக்காரி ஒவ்வொரு வருடமும் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

மறுநாள்

விடிவதற்கு முன் எழுந்தால் மேகங்கள் காலுக்குக் கீழே கிடப்பதைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் அவை கிளம்பி ஏற ஆரம்பிக்கும். மீசைப்புலிமலை உச்சிக்குப் போகிறவர்கள் ஒரு நேரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும். நாங்கள் ஒரு தடவை அப்படித் திரும்பியிருக்கிறோம். டீச்சருக்கு முட்டி வலி. கடைசி மேட்டுக்கு முன் ஐந்து பேரும் புல்லில் உட்கார்ந்து மிச்சப் புளிச்சோற்றைத் தின்றுவிட்டு இறங்கினோம். உச்சியைப் பார்த்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த முகாம், அங்கே பேச வேண்டிய எண், எத்தனை பேர், ஞாயிறு ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம். கீழே இறங்கியதும் முதல் போன் வீட்டுக்கு, பிறகுதான் போட்டோ அனுப்புவது.

வந்த அன்றே எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் பையைப் பிரித்துவிடுங்கள். தூங்கும் பையை உதறி மறுநாள் மொட்டைமாடி வெயிலில் போடுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து அடுத்த வருடம் நாறும். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். மருந்துப் பையைத் திறந்து எது தீர்ந்ததோ அதைத் திங்கட்கிழமை காலையில் நிரப்பிவிடுங்கள். இந்த ஜனவரியில் எங்களுக்குத் தீர்ந்தது ஒரு சுருள் பிளாஸ்திரியும் மூன்று பொட்டலம் ஓ.ஆர்.எஸ்.ஸும்தான்.